சுருதி சேராத ஹார்ன்ஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்: பெர்சி ஸ்லெட்ஜின் 1966 சிங்கிள்

அமெரிக்கப் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' என்று எந்த இசைச் செயலியில் தேடினாலும் வரிசையாக வந்து விழும். பாட்டு அதேதான், குரலும் அவருடையதுதான், அட்டைப் படத்தில் இருப்பவரும் அவர்தான். ஆனால் 1966 பிப்ரவரியில் அலபாமா மாநிலம் ஷெஃபீல்டில் பதிவானது அவற்றில் ஒன்றே ஒன்றுதான். மற்றவை பல வருஷம் கழித்து வெவ்வேறு கம்பெனிகளுக்காக அவரே திரும்பப் பாடிக் கொடுத்தவை. சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. வாங்கியவருக்குத்தான் 'எங்கேயோ கேட்டது மாதிரி இல்லையே' என்று உறுத்தும்.

அசலைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, பாட்டின் கடைசிப் பகுதிக்குப் போவது. குரல் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் பின்னால் ஹார்ன்ஸ், அதாவது டிரம்பெட்டும் சாக்ஸபோனும், சேர்ந்து நீளமாகப் பிடிக்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஆர்கனோடு அவை முழுசாக ஒட்டாது. யாரோ ஒருவர் ஒரு இழை தள்ளி நிற்பது மாதிரி லேசான புளிப்பு இருக்கும். அந்தப் புளிப்பு இருந்தால் அசல். ஹார்ன்ஸ் கச்சிதமாகச் சுருதி சேர்ந்து, டிரம்ஸ் இடமும் வலமுமாக விரிந்து, ஆர்கன் இருந்த இடத்தில் மெத்தென்ற கீபோர்டு வந்தால் அது பிற்காலத்துச் சரக்கு.

இந்தப் புளிப்புக்கு ஒரு கதை உண்டு. பாட்டைப் பதிவு செய்தவர் குவின் ஐவி. உள்ளூர் ரேடியோவில் டிஜே, ஷெஃபீல்டில் ரெக்கார்டு கடை வைத்திருந்தவர், 1965-ல் நோராலா என்று சின்னதாக ஒரு ஸ்டுடியோவும் திறந்தார். பதிவான டேப்பைப் பற்றி, பக்கத்தில் ஃபேம் ஸ்டுடியோ நடத்திய ரிக் ஹால் நியூயார்க்கில் அட்லான்டிக் ரெக்கார்ட்ஸின் ஜெர்ரி வெக்ஸ்லருக்குப் போன் போட்டுச் சொன்னார். வெக்ஸ்லருக்குப் பாட்டு பிடித்தது, ஹார்ன்ஸ் பிடிக்கவில்லை. சுருதி விலகுகிறது, மாற்றி வாசித்து அனுப்புங்கள் என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. வேறு ஆட்களை வைத்துத் திரும்ப வாசித்தார்கள். பிறகு டேப்புகள் இடம் மாறி, பழைய டேப்பே தட்டாக அச்சாகி வெளியே போய்விட்டது. ஷெஃபீல்டை ஒட்டிய மசில் ஷோல்ஸ் வட்டாரத்துப் பேஸ் கிதார்காரர் டேவிட் ஹுட் பின்னாளில் சொன்ன விவரம் இது. அந்தத் தவறான டேப் 1966 மே 28 அன்று அமெரிக்காவின் ஹாட் 100 என்ற பாட்டு வரிசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் அசையாமல் உட்கார்ந்தது. அட்லான்டிக் வெளியிட்டவற்றில் முதல் கோல்ட் ரெக்கார்டும் (பெரும் விற்பனைக்குத் தரும் அங்கீகாரம்) அதுதான்.

சுருதி ஏன் விலகியது என்பது ஊதுவாத்தியம் பழகியவர்களுக்குப் புரியும். டிரான்சிஸ்டர் ஆர்கனின் சுருதி அங்கேயே நிற்கும். பித்தளைக் குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும், ஊதி ஊதிச் சூடானால் ஏறும். குழாயை இழுத்தோ தள்ளியோ ஆர்கனோடு ஒவ்வொரு டேக்குக்கும் சரி பார்க்க வேண்டும். நாகஸ்வரக்காரர் சீவாளியை மாற்றி மாற்றி ஒத்தோடு சேர்த்துப் பார்ப்பாரே, அதே பாடுதான். விட்டுவிட்டால், நீட்டிப் பிடிக்கும் ஸ்வரங்களில்தான் முதலில் அம்பலமாகும். இந்தப் பாட்டில் ஹார்ன்ஸுக்கு இருப்பதெல்லாம் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரங்கள்தான்.

இனி இசைக்கு வருவோம். ஆர்கன் வாசிப்பவர் ஸ்பூனர் ஓல்டாம், வாத்தியம் இத்தாலியத் தயாரிப்பான ஃபர்ஃபீசா. சோல் இசை (அமெரிக்கக் கறுப்பினத்தவர் வளர்த்த, உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை) என்றதும் நினைவுக்கு வரும் ஹாமண்ட் ஆர்கனின் கனத்த உருளல் இதில் கிடையாது. ஒல்லியான, கொஞ்சம் மூக்கால் பாடுகிற ஒலி. அந்த ஒல்லித்தனம்தான் பாட்டைக் காப்பாற்றுகிறது என்பது எங்கள் கட்சி. சர்ச்சில் ஒலிக்கும் ஆர்கன் மாதிரி ஒரு பாவனையும் வருகிறது, பாடகருக்கு முழு இடமும் விட்டுக் கொடுக்கிறது. மார்லின் கிரீன் கிதார், ஆல்பர்ட் 'ஜூனியர்' லோ பேஸ், ராஜர் ஹாக்கின்ஸ் டிரம்ஸ். ஒலிப்பதிவு ஜிம்மி ஜான்சன். இவர்களில் ஹாக்கின்ஸ், ஜான்சன் இருவரும் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு 1969-ல் ஷெஃபீல்டு, 3614 ஜாக்சன் ஹைவேயில் சொந்த ஸ்டுடியோ தொடங்கினார்கள். அது தனிக் கதை.

சுருதி ஒன்றரைக் கட்டை. தாளம் நான்கு எண்ணிக்கை, நடை திஸ்ரம், அதாவது ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் மூன்று மூன்றாக நடக்கும். மேலை இசையில் பன்னிரண்டு-எட்டு என்பார்கள். வேகம் ரொம்ப நிதானம். இதற்குள் பேஸ் கிதார் செய்யும் வேலைதான் பாட்டின் முதுகெலும்பு: ஸ நி த ப ம என்று சங்கராபரணத்தின் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, ப தொட்டு ஸ-வுக்குத் திரும்புகிறது. மேலே குரல் ஏற ஏறக் கீழே பேஸ் இறங்கிக்கொண்டே போவதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரிந்துகொண்டே வருகிறது. முதல் தடவை கேட்கும்போதே நெஞ்சைப் பிடிப்பது இந்த விரிசல்தான்.

வாசித்துப் பார்க்க விரும்பினால் கீபோர்டில் டிரான்ஸ்போஸை ஒன்று கூட்டி வைத்துக்கொண்டு சி-யிலிருந்து தொடங்கலாம். சி மேஜர், பேஸில் பி வைத்த ஜி, ஏ மைனர், பேஸில் ஜி வைத்த சி, பிறகு எஃப், ஜி, சி, ஜி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்ணிக்கை. புதிதாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இரண்டாவது, நான்காவது கார்டுகளில். பேஸில் பி வைக்காமல் வெறும் ஜி அடித்தால் படிக்கட்டு உடைந்து பேஸ் குதிக்க ஆரம்பித்துவிடும். கார்டு தப்பே இல்லை, ஆனால் பாட்டு போய்விடும். இடது கை ஒற்றை விரலால் இறங்குவரிசையை மட்டும் முதலில் பத்து தடவை வாசித்துவிட்டு வலது கையைச் சேர்ப்பது நல்லது.

குரலைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஸ்லெட்ஜ் கள்ளக் குரலுக்குப் போவதில்லை. உச்ச ஸ்தாயியையும் நெஞ்சிலிருந்தே தள்ளுகிறார், தொண்டை இறுகுவது காதில் விழுகிறது. பிற்காலப் பதிவுகளில் இதே இடங்களை வயதுக்கு ஏற்றபடி நெளிவு சுளிவாகக் கடப்பார். ரசமாகத்தான் இருக்கும். ஆனால் 1966 பதிவில் அடுத்த சொல் வருமா வராதா என்ற பயம் கேட்பவருக்கே வந்துவிடும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது அவர் பகலில் ஷெஃபீல்டின் கோல்பர்ட் கவுன்ட்டி மருத்துவமனையில் உதவி ஊழியர், வார இறுதியில் எஸ்குவயர்ஸ் காம்போ என்ற குழுவில் பாடகர். ஸ்டுடியோ அனுபவம் கிடையாது. இந்த மெட்டைச் சிறுவயதில் பருத்திக் காட்டில் வேலை செய்யும்போதே முனகிக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். வேலை போய், காதலியும் விட்டுப் போன ஒரு நேரத்தில், மேடையில் வழக்கமான பாட்டு ஓடாமல், பேஸ்காரர் கால்வின் லூயிஸிடமும் ஆர்கன்காரர் ஆண்ட்ரூ ரைட்டிடமும் ஏதாவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த மெட்டில் புலம்பித் தீர்த்தார். அப்போது பல்லவி, ஏன் என்னை விட்டுப் போனாய் என்ற அர்த்தத்தில் இருந்தது. பதிவுக்கு வரும் வழியில்தான் அது ஒரு ஆண் காதலித்தால் என்னவெல்லாம் செய்வான் என்று மாறியது. ஒருவரின் புலம்பல் ஊர் எல்லாருக்குமான சொல்லாக மாறியது அந்த இடத்தில்தான். இருந்தாலும் குரல் மட்டும் பழைய கேள்வியைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தட்டின் லேபிளைப் பாருங்கள். பாட்டை எழுதியவர்கள் என்ற இடத்தில் லூயிஸ், ரைட் என்ற இரண்டு பெயர்கள்தான் இருக்கும். ஸ்லெட்ஜ் பெயர் இல்லை. மொத்தத்தையும் அந்த இருவருக்கும் தானே விட்டுக் கொடுத்ததாக அவர் சொன்னார். வாழ்க்கையில் எடுத்த மோசமான முடிவு அதுதான், ஆனாலும் கசப்பு இல்லை என்றும் சொன்னார்.

இது ஏதோ பெயர் கௌரவ விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும், பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. இதே பாட்டை வேறொருவர் பாடி வெற்றி பெற்றாலும் கணக்கு அதேதான். 1991-ல் மைக்கேல் போல்டன் பாடி ஹாட் 100-ல் மறுபடி முதலிடம் வந்தபோது எழுத்தாளர் பங்கு லூயிஸுக்கும் ரைட்டுக்கும் போனது. (போல்டனின் பதிப்பு பளபளவென்று இருக்கும், எல்லாம் சுருதி சுத்தம். ஒரு தடவை கேட்கலாம்.) அசல் டேப் கம்பெனியின் சொத்து. ஒப்பந்தப்படி வரும் விற்பனைப் பங்கை விட்டால், பாடகருக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் மேடைச் சம்பளமும், தன் குரலைப் புதிதாகப் பதிவு செய்து விற்கும் உரிமையும்தான். அந்தக் காலத்துப் பாடகர்கள் பலர் தங்கள் ஹிட் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக் கொடுத்ததன் காரணம் இதில் இருக்கிறது. மலிவு விலைத் தொகுப்புகளில் அசலுக்குப் பதில் அவை வந்து உட்கார்ந்துகொள்வதும் இதனால்தான்.

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை. செயலியில் பாட்டின் விவரத்தைத் திறந்து, உரிமை வரியில் அட்லான்டிக் என்றும் 1966 என்றும் இருக்கிறதா பாருங்கள். நீளம் கிட்டத்தட்ட 2 நிமிஷம் 50 நொடி, முடிவில் பாட்டு நிற்காமல் தேய்ந்து மறையும். மூன்று நிமிஷத்தை நன்றாகத் தாண்டினாலோ, கடைசியில் எல்லாரும் சேர்ந்து நிறுத்தினாலோ சந்தேகப்படுங்கள். குறுந்தகட்டு உறைகளில் 'ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். பாடியவர் அசல் ஆள் என்றுதான் அது சொல்கிறது, பதிவு அசல் என்று சொல்லவில்லை. பின்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் 'ரீ-ரெக்கார்டட்' என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்தாவது பாருங்கள். 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்பது எதற்கும் சாட்சி அல்ல, மறுபதிவையும் ரீமாஸ்டர் செய்யலாம்.

தட்டாகவே வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்க அச்சின் எண் அட்லான்டிக் 2326. ஏழு அங்குலம், நிமிஷத்துக்கு 45 சுற்று, மோனோ (ஒற்றைச் சேனல் ஒலி), சிவப்பும் கறுப்புமான லேபிள். பிரிட்டன் அச்சு அட்லான்டிக் 584001. லட்சக்கணக்கில் விற்ற தட்டு என்பதால் அபூர்வம் என்று யாராவது விலை ஏற்றினால் கும்பிடு போட்டுவிட்டு நகரலாம். கிடைப்பது சுலபம், தேய்மானம் இல்லாமல் கிடைப்பதுதான் கஷ்டம். 1966-ல் ஜூக்பாக்ஸிலும் விருந்துகளிலும் ஓடி ஓடித் தேய்ந்தவை அதிகம். விற்பவர் படம் மட்டும் அனுப்பினால் போதாது, பாட்டின் கடைசி நாற்பது நொடியை ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டின் உள்வட்டத்தில் ஊசிக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைவு, தேய்மானம் அங்கேதான் முதலில் இரைச்சலாக வெளிப்படும். இந்தப் பாட்டில் உச்சக் குரலும் ஹார்ன்ஸும் வருவது சரியாக அந்த இடத்தில். தேய்ந்த தட்டில் கேட்கும் கரகரப்பை ஹார்ன்ஸின் புளிப்பு என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். கரகரப்பு 'ஸ்', 'ஷ்' ஒலிகளிலும் தெறிக்கும், புளிப்பு ஹார்ன்ஸில் மட்டும் இருக்கும்.

இன்னொரு சிக்கல், அந்தக் காலத்து அமெரிக்க 45 தட்டுகள் எல்லாம் வினைல் அல்ல. ஒரே பாட்டு பல தொழிற்சாலைகளில் அச்சாகும், சில இடங்களில் ஸ்டைரீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்ப்பார்கள். அடையாளம், ஸ்டைரீனில் லேபிள் காகிதம் மேலே ஒட்டியிருக்கும், வினைலில் தட்டோடு சேர்ந்து அழுந்தியிருக்கும். நகத்தால் மெதுவாகத் தட்டினால் ஸ்டைரீன் கணீரென்று கேட்கும். புதிதாக இருக்கும்போது ஸ்டைரீன் நன்றாகவே ஒலிக்கும், ஆனால் கனமான ஊசிக்குத் தாங்காது. ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும் பெட்டி வடிவ மலிவுப் பிளேயர்களில் நாலு தடவை போட்டாலே கரகரக்க ஆரம்பித்துவிடும். இரண்டு கிராம் அளவில் அழுத்தும் நல்ல கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி), கூம்பு முனை ஊசி, இவை போதும். தட்டைப் பின்னோக்கிச் சுழற்றவே கூடாது. கழுவுவதற்கு ஆல்கஹால் கலந்த திரவம் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு மிதமான சோப்பும் போதும்.

நம் ஊரில் பழைய எச்எம்வி ஈபி தட்டுகள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அமெரிக்க 45-ன் நடுத்துளை பெரியது, ஒன்றரை அங்குலம். நடுவில் வைக்கும் அடாப்டர் இல்லாமல் ஓடாது. அடாப்டர் தொளதொளவென்று இருந்தால் தட்டு மையம் விலகிச் சுற்றி, ஆர்கன் ஒலி அலைபாயும். நீளமான ஆர்கன் ஸ்வரங்கள் இதைச் சும்மா விடாது, வேறு எந்தப் பாட்டையும்விட இதில் உடனே தெரியும்.

வேகத்தைச் சோதிக்கவும் இந்தத் தட்டு வசதியானது. செயலியிலோ சுருதிப் பெட்டியிலோ ஒன்றரைக் கட்டை வைத்துவிட்டுத் தட்டைப் போடுங்கள். ஆர்கன் அதோடு ஒட்டி நின்றால் சரி, இம்மி விலகலைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு கட்டைக்கு ஏறியிருந்தால் சுமார் 6 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம், மோட்டாருக்கு அடியில் சின்னத் துளைக்குள் வேகத் திருகு இருக்கிறதா பாருங்கள். ஆறரைக் கட்டைக்கு இறங்கி, ஸ்லெட்ஜ் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருந்தால் காரணம் வேறு. அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிளாக இருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதற்கென்று செய்த ஏசி மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், 45 என்பது 37.5 ஆகிவிடும். வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினால் வோல்ட் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைத்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெட்டியைக் காட்சிக்கு வையுங்கள்.

ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வருவது தூசியும் இரைச்சலும். இரண்டு சேனலையும் சேர்த்தால் அந்த இரைச்சலில் பாதிக்கு மேல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

எல்பி விஷயம் சுருக்கம். பாட்டின் பெயரிலேயே 1966-ல் வந்த ஆல்பம், மோனோ எண் 8125, ஸ்டீரியோவுக்கு முன்னால் எஸ்டி சேரும். அன்று ரேடியோவில் கேட்ட மாதிரி வேண்டும் என்றால் மோனோ. ஆல்பம் முழுக்க இதே தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், ஒரு ஹிட்டைச் சுற்றி அவசரமாகக் கட்டிய வீடு. ஸ்லெட்ஜை முழுசாகப் பிடித்துப்போனவர்களுக்கு ரைனோ என்ற மறுவெளியீட்டுக் கம்பெனி 1992-ல் போட்ட 'இட் டேர்ஸ் மீ அப்' குறுந்தகட்டுத் தொகுப்பு போதும், அசல் பதிவுகள், அளவான தேர்வு. 2010-ல் ரைனோ ஹேண்ட்மேட் வெளியிட்ட நான்கு தகட்டுப் பெட்டி ஆராய்ச்சிக்காரர்களுக்கானது.

பிரிட்டனில் 1987-ல் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் இந்தப் பாட்டு வந்து, 1966-ல் நான்காம் இடம் வரை போன தட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. அதற்கு மேலே முதலிடத்தில் உட்கார்ந்திருந்ததும் அதே ஜீன்ஸ் கம்பெனி விளம்பரத்தால் உயிர்பெற்ற பழைய சோல் பாட்டுதான், பென் ஈ. கிங் பாடிய 'ஸ்டாண்ட் பை மீ'. அந்த வருஷத்து மறுஅச்சு ஏழு அங்குலத் தட்டு இன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது, அதிகம் தேயாமலும் இருக்கிறது. கேட்பதற்கு வாங்குபவர்கள் 1966 அச்சுக்கு அலையாமல் இதை எடுத்துக்கொள்ளலாம். கடைசி நாற்பது நொடியை மட்டும் இதிலும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.